கல்யாண மண்டபத்தில் அப்பா சாகக் கூடாது

எங்கள் அப்பா படுத்த படுக்கையாக இருந்த மாதங்களைப் பற்றி என் தம்பி ஒரு நாடகம் எழுதினான். அந்த மாதங்களில் அவன் சென்னையில் இருந்தான் என்பது எழுதுவதற்கு ஒரு தடையாக இருக்கவில்லை. பக்கத்தில் இருந்திருந்தால் எழுத நேரம் கிடைத்திருக்காது. அதற்கு நானே சாட்சி. நான் பக்கத்தில் இருந்தேன். ஒரு வரி எழுதவில்லை.

போனில் சொன்னபோது, கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நின்று பேசுகிறவனைப்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அக்கா, ஒரு நாடகம் எழுதியிருக்கேன். கூடப்பிறந்தவங்க, நோயாளியப் பார்த்துக்கறது, துக்கம், இதெல்லாம் பத்தி.”

“யாரு நோயாளி?”

“அப்பாதான். ஆனா நம்ம அப்பா இல்ல. பொதுவா ஒரு அப்பா.”

“யாரு பார்த்துக்கறா?”

“ஒரு அக்கா. பொதுவா ஒரு அக்கா.”

“தம்பி இருக்கானா?”

“இருக்கான்” என்றான். பொதுவா என்று சேர்த்துக்கொள்ளவில்லை.

பொதுவான அக்காவாகிய நான் சரி என்றேன். யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் சரி என்றுதான் வரும். வேண்டாம் என்பது மறுநாள் குளிக்கும்போது வரும்.

அம்மா நாங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். அப்பா ஊரில் தனியாக, இருந்த கொஞ்ச நிலத்தில் குறுவையும் சம்பாவும் போட்டு எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அதன் பலனாக இருவருமே ஊரில் இல்லாமல் போனோம். பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கமும் பேச்சும் போனபோது, தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி சாலையை ஒட்டி இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு அழைத்துவந்தேன். எனக்கு அப்போது ஏழாம் மாதம். தம்பி குடியிருந்தது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. “பையன் இருக்கையில பொண்ணு வீட்டுலயா?” என்று சொந்தக்காரர்கள் வந்து வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டு முடித்ததும் ஆப்பிள் வைத்துவிட்டுப் போனார்கள். மெல்ல முடியாத மனிதருக்கு வந்து சேர்ந்த ஆப்பிள்களைக் கொண்டு நான் ஒரு பழக்கடையே வைத்திருக்கலாம்.

மகள் பிறந்த பிறகு, மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டதும், “பெருசாம்மா, சின்னதாம்மா?” என்று கேட்கத் தொடங்கினார். டயப்பரைத்தான். இரண்டும் என்பேன். வீட்டில் எனக்குப் பிள்ளைகள் இரண்டு. அதில் ஒன்றுக்கு மீசை இருந்தது.

பிரசவத்தின்போது தம்பி லீவு போட்டு வந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டான். நன்றாகவே பார்த்துக்கொண்டான். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு உறுத்தும். ஆனால் நாடகத்தில் அந்த லீவு முதல் காட்சியில் தொடங்கியது. மூன்றாம் காட்சியிலும் முடியவில்லை.

நாடகத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே படித்தேன். பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், “கழுத.” பசித்தாலும் கழுத, வலித்தாலும் கழுத, பேத்தியைப் பார்த்துச் சிரிக்கும்போதும் கழுத. தம்பியின் நாடகத்திலோ அதே நோய் வந்த அப்பா காவிரியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் பேசினார். நதி ஒரு நினைவு என்றார். கடைமடை என்பது காத்திருத்தலின் இன்னொரு பெயர் என்றார். எங்கள் அப்பா நன்றாக நடமாடிய காலத்திலேயே காவிரியைப் பற்றிப் பேசியது ஒன்றுதான்: வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா, இல்லையா. இல்லை என்றால் மேலும் கொஞ்சம் பேசுவார். அவற்றை மேடையில் சொல்ல முடியாது.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே படித்தேன். கடைசிக் காட்சிக்கு வந்தபோது ஊட்டுகிற கை நின்றுவிட்டது.

அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது. அக்கா அடுக்களையில் இருக்கிறாள். மகன் தோள்பையோடு ஓடிவருகிறான். அப்பாவின் வாயில் பால் ஊற்றுகிறான். அப்பா மகனைப் பார்த்தபடி குடிக்கிறார். கண் மூடுகிறார், ஒப்பாரி தொடங்குகிறது. இப்படி எழுதியிருந்தான்.

எங்கள் பக்கத்தில் உயிர் பிரிகிற நேரத்தில் பிள்ளைகள் பால் ஊற்றுவார்கள். குடித்துவிட்டுப் போனால் போகிறவருக்கும் நிறைவு, இருக்கிறவர்களுக்கும் நிறைவு. யார் கையால் கடைசிப் பால் என்பதைச் சொந்தத்தில் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உண்மையில் அது ஒரு காலை வேளை. அப்பாவின் மூச்சு மாறியது. என் கணவர் டாக்டரை அழைத்துவர ஓடினார். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “பாலை ஊத்திரும்மா” என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக்காரரைக் கூப்பிடப் போய்விட்டார். பாயில் கிடந்த மகள் வீறிட்டு அழுதாள். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். நான் ஊற்றினேன். அப்பாவுக்கு முடியவில்லை என்று முந்தின இரவு நான் சொன்னதில் விடியுமுன் கிளம்பிய தம்பி அப்போது விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். அவன் வாசலில் வந்து இறங்கியபோது ஐஸ் பெட்டி வந்திருந்தது. பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

அந்த அறையில் நடந்ததை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சாட்சி என்று இருந்தவள் நான் ஒருத்தி. இப்போது அந்தச் சாட்சியை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு, அவள் இடத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான்.

கணவரிடம் சொன்னேன். “நாடகம்தானே” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மனசுக்குக் கஷ்டமா இருந்தா அவன்கிட்ட சொல்லிடு” என்றார். உலகத்தில் எல்லாமே இவருக்கு இவ்வளவு சுலபம். சொன்னால், அப்பாவின் சாவுக்குப் பட்டா கேட்கிறவள்போல் ஆகிவிடாதா? சொல்லாவிட்டால், நாளைக்கு என் மகள் வளர்ந்து இந்த நாடகத்தைப் பார்த்து, தாத்தா போகும்போது அம்மா சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்துக்கொள்ள மாட்டாளா? ஒத்திகை தொடங்கட்டும், நேரில் பக்குவமாகச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பக்குவமான வாக்கியங்களைத் தயார் செய்து, பாத்திரம் தேய்க்கும்போது மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்.

ஆடி பிறந்ததும் தம்பி வந்து இறங்கினான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாண மண்டபங்கள் எல்லாம் ஈயாடிக் கிடக்கும். புதாற்றங்கரையில் ஒரு மண்டபத்தை ஒத்திகைக்கும் நாடகத்துக்கும் சேர்த்துக் குறைந்த வாடகைக்குப் பேசி முடித்திருந்தான். மேடை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, கை கழுவ நீளமாகக் குழாய் வரிசை இருக்கிறது. நாடகக் கலைக்கு வேறு என்ன வேண்டும்?

வேண்டியவற்றை என்னிடம் கேட்டான். அப்பா படுத்திருந்த கட்டில் வேண்டும். வாக்கர் வேண்டும். போர்வை வேண்டும். படுக்கையில் வைக்கும் தட்டு வேண்டும்.

“அது எதுக்குடா?”

“நம்பகத்தன்மைக்கு.”

நம்பகத்தன்மையை டெட்டால் ஊற்றிக் கழுவிக் கொடுத்தேன். ஒத்திகைக்கு வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடும் என் வீட்டிலிருந்துதான் போனது. துக்கத்தைப் பற்றி நடிக்கிறவர்களுக்கு இவ்வளவு பசிக்கும் என்று எனக்குத் தெரியாது.

அப்பாவாக நடித்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வாலிபத்தில் திருவிழா நாடகங்களில் ராஜா வேஷம் கட்டியவராம். படுத்துக்கொண்டே நடிக்கிற வேஷம் இந்த வயதுக்கு மேல் கிடைத்ததில் அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. இரண்டாம் காட்சியில் தவறாமல் தூங்கிப்போவார். அக்காவாக நடித்தது நாடகம் படிக்கிற ஒரு கல்லூரிப் பெண். எனக்கு வாய்க்காத இடுப்பும் கைத்தறிப் புடவையும் அவளுக்கு இருந்தன. மகனாகத் தம்பியே நடித்தான். வேறு யாருக்கும் அந்தப் பாத்திரத்தின் ஆழம் பிடிபடாதாம்.

சாப்பாட்டுக் கூடையோடு நான் போய் நின்ற முதல் நாளே அந்தப் பெண் ஒரு குறிப்பேட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, அப்பாவத் தொடைச்சு விடும்போது உங்க மனசுக்குள்ள என்ன ஓடிட்டு இருக்கும்?”

“குக்கர்ல எத்தனை விசில் வந்துச்சுன்னு.”

அவள் எழுதிக்கொள்ளவில்லை. “அதுக்கும் கீழ, ஆழத்துல?”

“ஆழத்துல, பாப்பா ஏன் சத்தமே இல்லாம இருக்கா, எதையாவது முழுங்கிட்டாளான்னு.”

அவளுக்கு என்மேல் வருத்தம். கண்ணீர் கலந்த ஏதாவது ஒன்றை எதிர்பார்த்திருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கும் வருத்தமாக இருந்தது. நல்ல பெண். நன்றாகவே ஒரு பதில் சொல்லியிருக்கலாம். அதைவிட வருத்தம், அந்த நாளும் தம்பியிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்தது. கூடையைத் திறந்ததும் அவன், “அக்கா, வத்தக்குழம்பா?” என்று சின்ன வயது முகத்தோடு கேட்டான். அந்த முகத்திடம் யார் என்ன சொல்ல முடியும்?

அடுத்த வாரம் கடைசிக் காட்சியை ஒத்திகை பார்த்தார்கள். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். மேடையில், பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இடத்தில், சீரியல் பல்பு சுற்றிய தூண்களுக்கு நடுவே எங்கள் அப்பாவின் கட்டில். அதில் வாத்தியார் தெற்கே தலைவைத்து மல்லாந்து கிடந்தார். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. நெற்றியில் காசு. பின்சுவரில் தெர்மாகோலில் வெட்டிய ‘நல்வரவு’. நம்பகத்தன்மை பூரணமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து, ஆவணிக் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன், வெற்றிலைத் தட்டு சகிதம். மண்டபத்து மேனேஜர் முன்னால் வந்து கதவைத் திறந்து, “மேடையப் பாருங்க, எவ்வளவு விஸ்தாரம்” என்று கையை நீட்டினார். அவர்கள் பார்த்தார்கள். கல்லூரிப் பெண் அப்போதுதான் தலையை விரித்துப்போட்டு, “என்னப் பெத்த அப்பா” என்று எடுத்தாள். நல்ல குரல். வராந்தா வரைக்கும் கேட்டது.

பெண்ணின் அம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. மூவரும் திரும்பிக் காருக்குப் போனார்கள். தாய்மாமன் மட்டும் காரில் ஏறுவதற்கு முன் நின்று, “யாருங்க தவறிட்டாங்க?” என்று மரியாதையாக விசாரித்தார்.

மேனேஜர் மேடைக்கு ஏறி வந்தார்.

“தம்பி, என்ன பண்றீங்க இங்க?”

“துக்கம் சார். கடைசி சீன்.”

“கல்யாண மேடையில பொணத்தப் போட்டு வச்சிருக்கீங்களே, உங்க வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா?”

“நான் இருக்கேன்” என்று படுத்திருந்த வாத்தியார் கையைத் தூக்கினார். அது நிலைமையைச் சரிசெய்யவில்லை.

விசாரித்ததில், நாடகம் என்றதும் அவர் வள்ளி திருமணம் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தார். சாவு நாடகம் என்று தம்பி சொல்லவில்லை; சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. உலக நாடகங்கள் அத்தனையும் படித்தவன், கல்யாண மண்டபம் எதற்குக் கட்டுகிறார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டான். மேனேஜர் முடிவாகச் சொன்னார்: நாடகம் நடத்திக்கொள்ளலாம். கொடுத்த வாக்கை மீற மாட்டார். ஆனால் அப்பா சாகக் கூடாது. விளக்கு, காசு, கால்கட்டு, ஒப்பாரி எதுவும் கூடாது. அந்தக் காட்சியே கூடாது.

என் மனதில் ஒரு குளிர்ச்சி இறங்கியதை மறைக்க மாட்டேன். நான் வாரக்கணக்கில் தேய்த்து வைத்திருந்த வாக்கியங்களுக்கு வேலையே இல்லாமல், மேனேஜர் ஒரு நிமிடத்தில் அந்தக் காட்சியை எடுத்துவிட்டார். தம்பி நேரத்துக்கு வர வேண்டியதில்லை. பால் ஊற்ற வேண்டியதில்லை. என் இடம் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. குளிர்ச்சியோடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன், கூடையை எடுத்துக்கொண்டு கிளம்ப.

கை கழுவும் இடத்தில் தம்பி தரையில் உட்கார்ந்திருந்தான். குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. என் மகள் கையிலிருந்து நழுவி அவனிடம் போனாள். அவன் அவளைக் கவனிக்கவில்லை.

“அந்த சீன் இல்லன்னா நாடகமே வேணாம்க்கா.”

“மீதி நல்லாத்தானடா இருக்கு. காவிரியெல்லாம் வருது.”

“மீதிய எழுதினதே அந்த ஒரு சீனுக்காகத்தான்.”

நான் அவன் கிட்டே போனேன்.

“நீ போன் பண்ணப்ப பஸ்ஸு டோல்கேட்ல நின்னுக்கிட்டிருந்துச்சுக்கா. நீ சொன்ன, வச்சிட்ட. பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர். என் மூஞ்சியப் பார்த்தாரோ என்னவோ, முறுக்குப் பொட்டலத்த நீட்டினாரு. வாங்கித் தின்னேன். அப்பா போயிட்டாருன்னு கேட்டுட்டு முறுக்கு தின்னுக்கிட்டு வந்தேன். என்ன பண்றதுன்னு தெரியல. திருச்சி ரோடு பிரியற வரைக்கும் மென்னுக்கிட்டே வந்தேன்.”

கையில் இருந்த தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அது நாடகத்துக்காக நான் கொடுத்த அப்பாவின் துண்டு.

தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் நல்ல வாக்கியங்கள். ஒன்றும் உபயோகப்படவில்லை. இவன் என் இடத்தைப் பிடுங்கவில்லை. அந்த அறைக்குள் நுழைய வேறு வழி தெரியாமல், எழுதி நுழைந்திருக்கிறான். நான் அடுக்களையில் இருப்பதுகூட என்னை அவமதிக்க அல்ல. கட்டிலுக்குப் பக்கத்தில் தனக்கு ஒரு ஆள் இடம் வேண்டும் என்று நகர்த்தியிருக்கிறான். இப்படியெல்லாம் எனக்கு அப்போதே விளங்கியதா, வீட்டுக்கு வந்த பிறகு விளங்கியதா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கால்கள் மேனேஜர் அறையை நோக்கி நடந்தன. எனக்கு எதிராக எழுதப்பட்ட காட்சிக்கு வக்கீலாகப் போகிறோமே என்று நடக்கும்போதே சந்தேகம்.

“அண்ணே, அப்பா சாக மாட்டாரு” என்றேன்.

“அப்புறம்?”

“பால் குடிப்பாரு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தங்கச்சி, நானும் இந்த ஊருதான். வாயில பால் ஊத்துறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?”

“இதே மேடையில பொண்ணு மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் கொடுக்கறோமே. அது நல்ல காரியம்தானே?”

அவர் யோசித்தார். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவள். எதிரில் இருப்பவர் யோசிக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று தெரியும்.

“பழம் உண்டா?”

“அவருக்கு மெல்ல வராதுண்ணே.”

“திங்க வேணாம். தட்டுல இருக்கட்டும். ரெண்டு வாழைப்பழம்.”

“இருக்கட்டும்.”

“பால குடிச்சிட்டு என்ன பண்ணுவாரு?”

“கண்ண மூடுவாரு.”

“எதுக்கு?”

“தூக்கம் வரும்ல.”

“திரும்பத் தொறக்கணும்.”

“தொறந்துருவாரு.”

“லைட்ட அணைக்கறதுக்கு முன்னால தொறக்கணும் தங்கச்சி. இருட்டுல தொறந்தேன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். தெக்க தலை வைக்கக் கூடாது. நான் முன்வரிசையில உக்காந்திருப்பேன்.”

இப்படியாக எங்கள் அப்பா உயிர் பிழைத்தார். டாக்டர்களால் முடியாததை ஒரு மேனேஜர் செய்தார். தம்பி கேட்டுவிட்டு என்னையே பார்த்தான். “அப்பா குடிக்கிறாரு, நீ வந்துட்ட. போதாதா?” என்றேன். போதும் என்று தலையாட்டினான். ஏற்காதவர் வாத்தியார் ஒருவர்தான். “சாகறதுக்குத்தான்மா கைதட்டு விழும். முழிச்சிக்கிட்டா எவன் தட்டுவான்?” என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நாடகத்தன்று மாலை கூட்டம் வந்தது. மண்டபம் என்றதும் சாப்பாடு உண்டு என்று நினைத்து வந்தவர்களும் இருந்தார்கள். எங்கள் சொந்தத்தில் பாதி வந்தார்கள். அய்யம்பேட்டையிலிருந்து அத்தை, அப்பாவின் தங்கை, பட்டுப்புடவையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு, சாவைப் பார்த்தால் குழந்தை பயந்துவிடுமோ என்று ஒரு வாரமாகக் கவலைப்பட்டதற்கு இனி அவசியமில்லை என்பதை எனக்கே நினைவூட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசை நடுவில் மேனேஜர், சட்டைப் பையில் பேனாவோடு, தேர்வுக்கூடக் கண்காணிப்பாளர்போல.

காவிரி ஒன்றரைப் பக்கம் ஓடியது. சிலர் போன் பார்த்தார்கள். கடைசிக் காட்சி வந்தது. கட்டில், வாழைப்பழத் தட்டு, வடக்கும் தெற்கும் இல்லாமல் குறுக்கே ஒரு தலை. தம்பி பையோடு ஓடிவந்தான். உட்கார்ந்தான். ஒரு கையால் வாத்தியாரின் தலையைத் தூக்கி, இன்னொரு கையால் ஸ்பூனை நீட்டினான். வாத்தியாருக்கு நிஜமாகவே புரையேறியது. மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். வாத்தியார் இருமி, சமாளித்து, மீதிப் பாலைக் குடித்து, தம்பியைப் பார்த்து, கண்ணை மூடி, ஒப்பந்தப்படி அகலமாகத் திறந்தார். மேனேஜர் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது.

யாரும் சாகவில்லை. ஆனால் கூடம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். பால் ஊற்றுவதைப் பார்த்த பிறகு எங்கள் ஊர்க்காரர்களுக்கு மற்றதைக் காட்ட வேண்டியதில்லை. விளக்கு வந்தபோது மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின்வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். “உயிரோடதானம்மா இருக்காரு, ஏன் அழறாங்க?” என்று என்னைக் கேட்டார்.

தம்பி மேடையை விட்டு இறங்கி எங்களிடம் வந்தான். அத்தை அவன் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“எங்கண்ணன் புண்ணியவான்டா. பெத்த புள்ள கையால பால் குடிச்சிட்டுப் போயிருக்காரு. எனக்கு இது இவ்வளவு நாளாத் தெரியாமப் போச்சே.”

அன்று ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி வாசலில் இறங்குவதைத் தன் கண்ணால் பார்த்தவர் இந்த அத்தை. தம்பி வாயைத் திறந்தான், மூடினான். என்னைப் பார்த்தான். அத்தையும் என்னைப் பார்த்தார்.

“ஏன்டி, நெசம்தானே?”

“ஆமா அத்தை” என்றேன்.

சொன்ன மறுகணமே, ஏன் சொன்னோம் என்று இருந்தது. பெருந்தன்மையா? மகள் என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், பேச்சை முடித்தால் போதும் என்று சொன்னேனா? பெருந்தன்மை என்றே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. வேறு யாரும் எனக்காக அப்படி வைத்துக்கொள்ளப் போவதில்லை.

மறுநாள் காலை, தம்பி ஒரு குட்டியானை வண்டியில் கட்டிலைக் கொண்டுவந்து இறக்கினான். டிரைவரும் அவனுமாக அதை ஹாலில் வைத்தார்கள். டிரைவர் வண்டிக்குப் போய்விட்டார். தம்பி போகவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

“அத்தைகிட்ட எதுக்கு ஆமான்னு சொன்ன?”

“நீ எழுதினதத்தான் சொன்னேன்.”

“நான் எழுதினது நாடகம்க்கா. அத்தை காலையிலேயே எல்லா வீட்டுக்கும் போன் போட்டுட்டாங்க.”

“போஸ்டர் செலவு மிச்சம்.”

அவன் சிரிக்கவில்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நேத்து வாத்தியாருக்குப் புரையேறிருச்சு, பார்த்தியா? ஒத்திகையிலயும் அப்படித்தான். ஒரு கையில தலை, ஒரு கையில ஸ்பூன். எனக்கு வரவே மாட்டேங்குது.” பிறகு மெதுவாகக் கேட்டான். “நீ எப்படி ஊத்துன?”

யாராவது கேட்டால் சொல்ல என்று நான் எதையும் தயாராக வைத்திருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் வாக்கியம் தயாரிக்கிறவள், இதற்கு மட்டும் தயாரித்ததில்லை.

“மடியில வச்சிக்கிட்டேன். தலை சாஞ்சுக்கிட்டே போச்சு. முதல்ல ஊத்தினது கழுத்து வழியா ஓடிருச்சு. அப்புறம் ஊத்தினது உள்ள போச்சா வெளிய வந்துச்சான்னு எனக்கே தெரியலடா. குடிச்சாருன்னுதான் நெனச்சிக்கிட்டிருக்கேன். பாப்பா வேற கத்திக்கிட்டிருந்தா. அந்த நேரத்துல ஒரு ஆள் தலையப் புடிச்சிருந்தா...”

நிறுத்திக்கொண்டேன். நீ வரவில்லை என்று குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்வானோ?

அவன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. “கும்பகோணத்துல ஒரு காலேஜ்ல அடுத்த ஷோ இருக்கு” என்றான். “அந்தப் பொண்ணு ஊத்தட்டும். நான் தலையப் புடிச்சுக்கறேன்.”

“நீ அங்க இல்லையேடா.”

“இல்லதான்” என்றான். “புடிச்சுக்கறேனே.”

சரி என்று சொல்ல வாய் வரவில்லை, முதல் முறையாக. உள்ளே போய்த் தலையணையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தேன். அவன் அதை இரண்டு கைகளாலும் ஏந்தினான், உடைந்துவிடும்போல.

“இப்படிப் புடிச்சா தலை பின்னால தொங்கிடும். கழுத்துக்கு அடியில கை கொடு. முழங்கைய முட்டுக் கொடு. ம்.”

வெளியே குட்டியானைக்காரர் ஹாரன் அடித்தார். தம்பி அசையவில்லை. நான் ஸ்பூன் பிடிக்கிறவள்போல அவனுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தேன்.

“இன்னும் கொஞ்சம் தூக்கு” என்றேன்.

தூக்கினான்.